கொங்கு எருதுகளின் கொம்புப் புற்று: ஓர் உழைப்பு நோயின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியத் திமில் மாடுகளைத் தாக்கும் தோற்படலக் கட்டிகளுள் கொம்புப் புற்று முதன்மையானது. பொலிகாளைகளிலும் பசுக்களிலும் அரிதாகக் காணப்படும் இந்நோய், காயடிக்கப்பட்டு உழைப்பில் ஈடுபடுத்தப்பட்ட நடுவயது எருதுகளிலேயே மிகுதியாகப் பதிவாகியுள்ளது. காங்கயம் மாடுகளின் தாயகமான திருப்பூர் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, இந்நோய் எவ்வாறு அறியப்பட்டது, அதற்கான மருத்துவம் எவ்வாறு வளர்ந்தது, பின்னர் அது மருத்துவமனைகளின் பார்வையிலிருந்து எவ்வாறு விலகியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நோய் அருகியதற்கு மருத்துவத்தின் வெற்றியைவிட எருதின் உழைப்பு மறைந்ததே பெரிய காரணம் என்பதும், அம்மறைவால் நோயின் காரணம் பற்றிய வினா விடையின்றி நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முக்கியச் சொற்கள்: கொம்புப் புற்று, காங்கயம் மாடு, எருது, காயடித்தல், கால்நடை மருத்துவ வரலாறு, கொங்கு நாடு.

முன்னுரை

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையை ஒட்டிய வீரபாண்டி, இன்று பின்னலாடைத் தொழிலோடு ஒன்றிவிட்ட மாநகரப் பகுதி. தனி ஊராட்சியாக இருந்த அது 2011இல் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. பனியன் தொழில் ஊன்றுவதற்கு முன்னர் இவ்வட்டாரத்தின் வாழ்வு மானாவாரி வேளாண்மை, கிணற்றுப் பாசனம், பருத்தி வணிகம் ஆகிய மூன்றையும் சார்ந்திருந்தது. அம்மூன்றையும் இயக்கியது எருதின் தோள். கிணற்றில் கவலை இறைத்ததும், காட்டை உழுததும், பருத்திப் பொதிகளைத் திருப்பூர்ச் சந்தைக்கும் அரவை ஆலைகளுக்கும் இழுத்துச் சென்றதும் காங்கயம் எருதுகளே.

இவ்வுழைப்பைப் பற்றி வேளாண் வரலாறுகள் பேசியுள்ளன. உழைத்த உடலுக்கு வந்த நோய்களைப் பற்றி அவை பேசியது குறைவு. தொற்று நோய்கள் ஓரளவு எழுதப்பட்டுள்ளன. ஊர் முழுவதையும் தாக்காமல் ஒரு வீட்டின் ஒரு மாட்டை மட்டும் தாக்கிய நோய்கள் எழுதப்படவில்லை. கொம்புப் புற்று அத்தகைய நோய்.

1. நோயின் இயல்பும் பெயரும்

மாட்டின் கொம்பு வெளியே கெட்டியான நகப்பொருளாலும் உள்ளே எலும்புத் தண்டாலும் ஆனது. கன்றுப் பருவத்தில் உட்பகுதி திடமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்திற்குப் பின் நெற்றி எலும்பினுள் இருக்கும் காற்றறை மெல்லக் கொம்பின் உள்ளேயும் நீள்கிறது. எனவே வளர்ந்த மாட்டின் கொம்பு உள்ளீடற்ற குழல். மென்சவ்வு போர்த்திய அதன் உட்புறம் மூக்கின் காற்றுவழியோடு தொடர்புடையது. இச்சவ்விலிருந்தே புற்று தொடங்குகிறது என்பது பெரும்பாலான நோய்க்கூற்று ஆய்வுகளின் கருத்து. நுண்ணோக்கியில் காணும்போது இது தோலில் தோன்றும் செதிள்உயிரணுப் புற்றின் வகையைச் சேர்ந்தது.

நோய் உள்ளே தொடங்குவதால் முதல் அறிகுறிகளை எளிதில் தவறவிடலாம். மாடு அடிக்கடி தலையை உதறும். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கும். கொம்பை மரத்திலும் கட்டுத்தறியிலும் தேய்க்கும். நோயுற்ற கொம்பின் பக்கத்து மூக்குத் துளையில் மட்டும் குருதி கலந்த சளி வடிவது ஐயத்தை உறுதியாக்கும் அறிகுறி. பின்னர் கொம்பின் அடி தளர்கிறது; கொம்பு ஆடிச் சாய்கிறது; சில வேளை தானாகவே கழன்று விழுகிறது. அவ்விடத்தில் பூக்கோசு போன்ற செந்நிறச் சதை புடைத்து எழும். அதில் ஈ மொய்த்துப் புழு வைப்பதும், சீழ் நாற்றம் வீசுவதும், மாடு தீவனம் குறைத்து மெலிவதும் இறுதி நிலை. புற்று தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவது குறைவு. இருந்த இடத்திலேயே எலும்பை அரித்துச் செல்வதே மிகுதி.

தமிழில் உடலின் புடைப்புகளைக் குறிக்க மரு, கழலை, கட்டி, புற்று எனப் பல சொற்கள் உள்ளன. இவற்றுள் மரு, இளங்கன்றுகளின் கழுத்திலும் முகத்திலும், கறவைப் பசுக்களின் காம்பிலும் நச்சுயிரியால் தோன்றுவது. பெரும்பாலும் தானே உதிர்வது. கழலை நகரும், வலிக்காது. கரையான் புற்றுப்போல் மேலெழுந்து, அடியில் அரித்துச் செல்வதைக் காட்டுவது ‘புற்று’ என்னும் சொல். கொம்படியில் எழும் இந்நோயின் தோற்றத்திற்கும் போக்கிற்கும் அச்சொல் இயல்பாகவே பொருந்துகிறது.

2. எருது என்னும் உழைப்பாளி

காங்கயம் இனத்தின் மேய்ச்சல் நிலம் கொறங்காடு. கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் தனியார் மேய்ச்சல் காடு அது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இவ்வினத்தைத் தேர்ந்து பெருக்கியதில் முதன்மையானது. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தை போன்ற தேர்த்திருவிழாச் சந்தைகள் இவ்வினத்தைத் தொலைதூர மாவட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தன. 1909இல் கன், 1936இல் லிட்டில்வுட் ஆகியோர் தென்னிந்திய மாடுகளைப் பற்றி எழுதிய நூல்களில் காங்கயம் தனி இடம் பெற்றது.

இவ்வினத்தில் காயடித்தல் உடலை வெளிப்படையாகவே மாற்றுகிறது. பொலிகாளையின் தலை, கழுத்து, திமில், பின்தொடை ஆகியவை கருமை ஏறியிருக்கும். காயடித்த எருதில் அக்கருமை வெளிறிச் சாம்பல் நிறம் எஞ்சும். பொலிகாளையின் கொம்பு தடித்துக் குறுகியிருக்க, எருதின் கொம்பு நீண்டு வளர்கிறது. விந்தகச் சுரப்பு நீங்குவது தோலையும் கொம்பையும் ஒருசேரப் பாதிக்கிறது என்பதை இனவியல் நூல் படிக்காத உழவரும் கண்ணால் அறிந்திருந்தனர்.

எருதுகள் இணையாகவே மதிப்புப் பெற்றன. உயரம், நிறம், சுழி, நடை, கொம்பின் வளைவு ஆகியவை ஒத்துவரும்போதுதான் அது ‘ஜோடி’. கவலையில் பழகிய இணை ஒரே அடியெடுத்து இறக்கத்தில் சென்று, ஒரே அடியெடுத்துப் பின்வாங்கும். இவ்விரண்டில் ஒன்று நோயுற்றால் உழவர் இழப்பது ஒரு மாட்டின் விலையை மட்டுமன்று; பழகிய இணையையும், அப்பருவத்தின் பாசனத்தையும் சேர்த்தே இழக்கிறார். நோய் மிகுதியாகத் தாக்கும் 5 முதல் 10 வயது வரையான காலம், எருதின் உழைப்பு உச்சத்திலிருக்கும் காலமாகவும் இருந்தது.

3. பதிவேடுகளில் இடம்பெறாத நோய்

இந்தியக் கால்நடை மருத்துவத் துறையின் தோற்றம் கொள்ளைநோய் அச்சத்தில் விளைந்தது. 1871இல் வெளிவந்த மாட்டுக் கொள்ளைநோய் ஆணைய அறிக்கை, 1889இல் புனேயில் தொடங்கி 1893இல் முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்ட ஆய்வகம், 1927இல் அங்கு எட்வர்ட்ஸ் உருவாக்கிய வெக்கை நோய்க்கான ஆட்டுத் திசுத் தடுப்பூசி ஆகிய அனைத்தும் இவ்வழியில் வந்தவை. சென்னையில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாணவர்களும் முதலில் வெக்கை, அடைப்பான், சப்பை நோய், கோமாரி ஆகியவற்றை எதிர்கொள்ளவே அனுப்பப்பட்டனர். இம்முன்னுரிமையைக் குறை கூற இயலாது. வெக்கை நோய் ஒரு வாரத்தில் ஊரின் மாடுகளை அழிக்கக்கூடியது. உலகிலிருந்தே அது ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது இவ்வுழைப்பின் பயன்.

ஆயினும் கொள்ளைநோய்க்காக வகுக்கப்பட்ட பதிவேட்டில் தொற்றாத நோய்க்குத் தனி நிரல் அமைவதில்லை. ஒரு மாட்டின் கொம்பு அழுகுவது ஊர் அலுவலர் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தி அன்று. எனவே கொம்புப் புற்று புள்ளிவிவரத்தின் வழியாக அல்லாமல், தனி மருத்துவர்கள் ஆய்விதழ்களுக்கு எழுதிய நோயாளிக் குறிப்புகளின் வழியாகவே அறிவுலகத்தை அடைந்தது. டச்சு ஆட்சியிலிருந்த இந்தோனேசியத் தீவுகளின் திமில் மாடுகளில் இந்நோயைப் பற்றிப் புர்க்ராப் 1935இல் எழுதினார். சென்னையிலிருந்து 1924 முதல் வெளிவரும் இந்தியக் கால்நடை மருத்துவ இதழ், 1950களிலிருந்து இந்நோய் பற்றிய இந்தியக் குறிப்புகளுக்கு இடமளித்தது.

இதே காலத்தில் மனிதத் தொழிலாளரின் தோற்புற்று எவ்வாறு அறியப்பட்டது என்பதை ஒப்பிடுவது பயனுடையது. இலண்டன் புகைபோக்கி துப்புரவாளர்களின் விதைப்பைப் புற்றைப் பெர்சிவல் பாட் 1775இல் கரியோடு தொடர்புபடுத்தினார். லங்காஷயர் பருத்தி ஆலைகளில் நூற்புப் பொறிகளின் எண்ணெய் பட்டுத் தோன்றிய தோற்புற்றை 1922இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சௌத்தம், வில்சன் இருவரும் வெளிப்படுத்தினர். அங்கு தொழிலாளர் சங்கமும் இழப்பீட்டுச் சட்டமும் இருந்தமையால், இந்நோய் பின்னர் எண்ணிக்கையாகவும் அரசின் விசாரணையாகவும் மாறியது. எருதுக்கு அத்தகைய சட்டம் இல்லை. உழைப்பால் வரும் நோய் கண்ணுக்குப் புலப்படுவதற்கு, அதை எண்ணும் தேவையுள்ள ஒரு நிறுவனம் வேண்டும் என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

எருதின் உடலை அரசு எண்ணிய ஓரிடம் உண்டு. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 10 வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்திற்கும் உதவாத மாடு, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிலையாகத் தகுதி இழந்த மாடு ஆகியவற்றையே வெட்டுவதற்குச் சான்றளிக்கலாம் என்றது. சட்டத்தின் கண்ணிலும் எருதின் மதிப்பு அதன் உழைப்புத் தகுதியே. கொம்புப் புற்று தீரக்கூடியதா, தீராததா என்னும் மருத்துவ முடிவு, எனவே ஓர் உயிர் நீடிப்பதா என்பதையும் முடிவு செய்யும் வினாவாயிற்று.

4. காரணம் தேடிய ஆய்வுகள்

நாயக், பாலகிருஷ்ணன், ரண்டேலியா ஆகிய மூவர் 1969இல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, இந்நோயை இனவாரியாக ஆராய்ந்த முன்னோடி முயற்சி. பெருங்கொம்புடைய காங்கிரேஜ் இனத்தின் தாயகமான குசராத்திலிருந்து இந்நோய் பற்றிய செய்திகள் மிகுதியாக வந்துள்ளன. எருதுகளில் மிகுதி, பசுக்களிலும் பொலிகாளைகளிலும் குறைவு என்னும் முறைமை பல மாநில ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. இதற்குக் கூறப்பட்ட காரணங்களைக் கொங்கு நாட்டு வழக்கங்களோடு வைத்து எடைபோடலாம்.

முதலாவது, கொம்புக்குச் சாயம் பூசுதல். யமகிவாவும் இச்சிகாவாவும் 1915இல் முயலின் காதில் நிலக்கரித் தாரைத் தொடர்ந்து தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டிய பின்னர், வேதிப்பொருள் பற்றிய ஐயம் எங்கும் எழுந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவி வண்ணம் பூசும் வழக்கமும் இவ்வையத்திற்கு உள்ளாயிற்று. ஆனால் சாயம் படிவது உயிரற்ற நகப்பொருளின் மேல். புற்று தொடங்குவதோ எலும்புத் தண்டின் உட்சவ்வில். மேலும், பொங்கலன்று பசுவின் கொம்புக்கும் வண்ணம் பூசப்படுகிறது. ஆதலின் இக்காரணம் தனித்து நிற்க வலுவற்றது.

இரண்டாவது, நுகத்தின் உராய்வு. தமிழ்நாட்டில் நுகத்தடி கொம்பில் கட்டப்படுவதில்லை. திமிலின் முன் கழுத்தில் அமர்கிறது. அது உண்டாக்கும் நுகப்புண் வேறு நோய். எனினும் மூக்கணாங்கயிறு இரு பக்கமும் மேலேறிக் கொம்படியின் பின்புறம் முடியப்படுகிறது. ஓட்டுபவர் கயிற்றை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கொம்படி அழுத்தம் பெறுகிறது. இணைமாட்டின் கொம்போடு மோதுவதும் வண்டியில் பூட்டிய எருதுக்கு உண்டு. நாட்பட்ட சிறு காயங்கள் புற்றுக்கு வழிவகுக்கும் என்னும் பொதுக் கொள்கையோடு இது இணங்குகிறது.

மூன்றாவது, காயடித்தலால் வரும் சுரப்பு மாற்றம். எருதுகளில் நோய் மிகுவதை இது எளிதில் விளக்குகிறது. ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. உழவுத்தொழில் நிலவிய காலத்தில் முதிர்ந்த ஆண் மாடுகளில் மிகப் பெரும்பாலானவை எருதுகளே. பொலிகாளைகள் ஊருக்குச் சில. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட மாடுகளை மட்டும் எண்ணினால் எருதுகள் மிகுந்திருப்பது இயல்பு. உழைப்புக்குத் தேவையான மாட்டைத்தான் உழவர் செலவு செய்து மருத்துவரிடம் கொண்டுசென்றார் என்பதும் கருதத்தக்கது. அடிப்படை எண்ணிக்கையோடு ஒப்பிடாத விழுக்காடு, நோயின் இயல்பையும் உழவரின் முடிவையும் பிரித்துக் காட்டாது. காயடித்தலும் உழைப்பும் ஒரே உடலில் இணைந்திருந்தமையால், இவ்விரண்டில் எது காரணம் என்பதைப் பிரித்தறிவதும் கடினமாயிற்று.

5. மருத்துவத்தின் படிநிலைகள்

நாட்டு மாட்டு வைத்தியத்தில் ஆறாத புண்ணுக்குச் சூட்டுக்கோல், புழு வைத்த புண்ணுக்கு வேப்பெண்ணெய், மஞ்சள் ஆகியவை பொது முறைகள். அவை புழுவையும் நாற்றத்தையும் குறைத்திருக்கலாம். எலும்பினுள் வேரூன்றிய புற்றை அகற்றும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

உறுதியான மருத்துவம் அறுவை. கொம்பை அடியோடு அகற்றி, நோயுற்ற திசு முழுவதையும் நெற்றிக் காற்றறை வரை சுரண்டி எடுத்து, சுற்றியுள்ள தோலை இரு மடலாகப் பிரித்து மூடித் தைப்பது அதன் முறை. இதை வலியின்றிச் செய்ய வழி திறந்தது உணர்வகற்றும் மருந்து. 1943இல் சுவீடனின் லோஃப்கிரேன் உருவாக்கிய லிக்னோகெயின் பிற்காலத்தில் எளிதாகக் கிடைத்தது. கண்ணின் வெளிமுனைக்கும் கொம்படிக்கும் நடுவே, நெற்றி எலும்பின் விளிம்புக்குக் கீழே ஓடும் கொம்பு நரம்பைச் சுற்றி இம்மருந்தைச் செலுத்தினால் கொம்பு மரத்துவிடும். மாட்டைக் கயிற்றால் வீழ்த்திக் கட்டி, கம்பி அரத்தால் கொம்பை அறுத்து, கொம்புத் தமனியைக் கட்டிக் குருதியை நிறுத்துவர். வட்டார மருந்தகத்தின் மரத்தடியிலும் செய்யக்கூடிய அறுவை என்பதே இதன் சிறப்பு.

இதன் பயன் நோயின் நிலையைப் பொறுத்தது. கொம்பு ஆடத் தொடங்கும்போதே செய்தால் எருது தேறி மீண்டும் ஏரில் பூட்டப்படலாம். நுகம் கழுத்தில் அமர்வதால் கொம்பிழப்பு இழுவையைக் குறைப்பதில்லை. பூக்கோசுச் சதை வெளிப்பட்ட பின் செய்தால் நோய் திரும்ப வருவது மிகுதி. ஆனால் கொம்பே அழகும் விலையுமாக இருந்த இனத்தில், ஒற்றைக் கொம்பு எருது சந்தையில் இணை இழந்தது. எனவே கொம்பை எடுக்க இசைவதில் தயக்கம் காட்டுவதற்கு உழவருக்குப் பொருளியல் காரணம் இருந்தது. அத்தயக்கம் நீண்ட நாட்களிலேயே புற்று எலும்பினுள் ஆழச் சென்றது.

நோய் திரும்புவதைத் தடுக்கும் முயற்சிகள் இரு வழியில் நடந்தன. ஒன்று, எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஸ்பிராட்புரோவும் உடன் ஆய்வாளர்களும் மாட்டின் கண்புற்றுக்கு, பிற மாடுகளின் புற்றுத் திசுவிலிருந்து பீனால் கொண்டு எடுத்த சாற்றை ஊசியாகச் செலுத்திப் பார்த்து 1981இல் அறிக்கை அளித்தனர். இவ்வழிமுறை இந்தியாவில் கொம்புப் புற்றுக்கும் பயன்படுத்தப்பட்டது. மற்றொன்று, வின்கிரிஸ்டின். சுடுகாட்டு மல்லி என்றும் நித்தியகல்யாணி என்றும் தமிழர் அறிந்த செடியிலிருந்து பிரிக்கப்பட்டு, 1963இல் அமெரிக்காவில் மனிதப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்ற மருந்து இது. தமிழ்நாட்டு மானாவாரி நிலங்களிலும் மருந்துக்காகப் பயிரிடப்படும் செடியின் சாரம், ஆய்வகங்களைச் சுற்றி, எருதின் கழுத்துச் சிரைக்கு வந்து சேர்ந்தது. அறுவைக்குப் பின் வாரம் ஒரு முறையாகச் சில ஊசிகள் செலுத்துவது வழக்கமாயிற்று. சிரைக்கு வெளியே கசிந்தால் திசுவை அழிக்கும் மருந்து ஆதலால் கையாளும் திறன் வேண்டும். பேருடலுக்கு ஏற்ற அளவு செலுத்துவதால் செலவும் கூடும்.

6. நோயாளியின் மறைவு

மருத்துவம் இவ்வாறு முதிர்ந்த காலமே எருதின் உழைப்பு சரிந்த காலம். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவை வட்டாரத்தை அடைந்தது. கோவைப் பட்டறைகளில் உருவான மின்னிறைப்பிகள் கவலையை மெல்ல அகற்றின. உழவை டிராக்டரும், பருத்திப் பொதியை லாரியும் எடுத்துக்கொண்டன. எருது வேண்டாதபோது ஆண் கன்றும் வேண்டாததாயிற்று. பால் கூட்டுறவின் வளர்ச்சியோடு ஜெர்சி கலப்பினப் பசுக்கள் தொழுவங்களை நிரப்பின. பண்ணைகளில் கன்றிலேயே கொம்பு முளையைச் சுட்டு நீக்கும் முறையும் வந்தது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், உரிய முறைப்படி செய்யும் கொம்பு நீக்கத்தையும் காயடித்தலையும் வதைக்குற்றத்திலிருந்து விலக்கியுள்ளது. கொம்பில்லாத மாட்டுக்குக் கொம்புப் புற்று இல்லை.

திருப்பூரைச் சுற்றிய ஊர்களில் இம்மாற்றம் இன்னும் விரைவாக நிகழ்ந்தது. கொறங்காடு வீட்டுமனையாகவும் பின்னலாடைக் கூடமாகவும் மாறிய இடங்களில், நோய்க்கு இலக்கான நடுவயது எருது என்னும் உயிரினப் பிரிவே இல்லாமற்போனது. நோய் குறைந்துள்ளது, அது தீர்க்கப்பட்டதால் குறையவில்லை.

அண்மைக்காலத்தில் காங்கயம் இனத்தைக் காக்கும் முயற்சிகள் வலுப்பெற்றுள்ளன. 2017ஆம் ஆண்டின் ஏறுதழுவல் போராட்டத்திற்குப் பின் நாட்டினக் காளைகளைக் காயடிக்காமல் வளர்ப்பவர் தொகை கவனம் பெற்றது. இம்மாற்றம் ஆய்வுக்கு ஓர் அரிய வாய்ப்பு. முன்பு முதிர்ந்த பொலிகாளைகள் சிலவே இருந்தமையால் ஒப்பீடு இயலவில்லை. இப்போது கொம்புடன், காயடிக்கப்படாமல், கடும் இழுவை உழைப்பின்றி நடுவயதை அடையும் காளைகள் பல உள்ளன. இவற்றில் நோய் தோன்றுகிறதா என்பதை வயது, காயடிப்பு, வேலைவகை, கொம்பின் பக்கம் ஆகிய விவரங்களோடு பதிவு செய்தால், காயடிப்பும் உழைப்பும் வகிக்கும் பங்கினைப் பிரித்தறிய வழி பிறக்கும்.

முடிவுரை

கொம்புப் புற்றின் வரலாறு மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவதாக, கொள்ளைநோயை மையமாகக் கொண்டு எழுந்த கால்நடை மருத்துவத்தின் கணக்கில் தனி எருதின் தொற்றா நோய் நெடுங்காலம் இடம்பெறவில்லை. இரண்டாவதாக, அறுவையும் மருந்தும் வளர்ந்த பின்னும், சிகிச்சையின் வெற்றியைக் கொம்பின் சந்தை மதிப்பும் உழவரின் காலந்தாழ்ந்த இசைவும் வரையறுத்தன. மூன்றாவதாக, நோய் பற்றிய அறிவு முழுமை பெறுமுன் நோயுற்ற உழைப்பாளி களத்திலிருந்து நீங்கியது.

பழைய வட்டாரக் கால்நடை மருந்தகங்களின் நோயாளிப் பதிவேடுகள் இவ்வகையில் முதன்மைச் சான்றுகள். மாட்டின் வயதும் பாலும் நோயும் செய்த சிகிச்சையும் ஒரே வரியில் எழுதப்பட்ட அவ்வேடுகள், கட்டடங்கள் இடம் மாறும்போது கழிவுத்தாளாகிவிடும் நிலையில் உள்ளவை. அவற்றைத் திரட்டிப் பாதுகாப்பது, கால்நடை மருத்துவத்திற்கும் கொங்கு நாட்டு உழைப்பு வரலாற்றுக்கும் ஒருசேரப் பயன் தரும் பணியாகும்.